ஓட்டுக்கூரை ஒழுகாம இருக்கணும்னா: புதுசா போடுறவங்களுக்கும் பழசை வச்சிருக்கவங்களுக்கும்

எங்க செங்கோட்டை, தென்காசி, பண்பொழி பக்கம் வைகாசி பாதிக்கு மேல போயிட்டா எல்லார் வீட்லயும் இதே பேச்சுதான், சாரல் வரப்போகுது, ஓட்டப் பிரிச்சு மாத்தணும்னு. ஆனா இப்போ அதுக்கு ஆள் கிடைக்கிறதில்ல, கிடைச்சாலும் கூலியக் கேட்டா மலைப்பா இருக்கு, அதனால நிறைய பேர் நல்லா இருக்குற ஓட்டக் கழட்டி வந்த விலைக்குக் குடுத்துட்டு தகர ஷீட்ட மாட்டிடுறாங்க, காசு இருக்கவங்க மொத்தமா இடிச்சு கான்கிரீட் போட்டுடுறாங்க. எனக்கு அதப் பாத்தா வயிறு எரியுது. ஏன்னா ஒழுகுற ஓட்டு வீட்டுக்குள்ள போய்ப் பாத்தா பெரும்பாலும் தப்பு ஓட்டுல இருக்காது, சாய்வு பத்தாம இருக்கும், இல்ல ரீப்பர் (ஓடு மாட்டி உக்கார்ற குறுக்குச் சட்டம்) இடைவெளி தப்பா இருக்கும், இல்ல மோட்டுல, அதாவது ரெண்டு சரிவும் சேர்ற உச்சியில, காரை விட்டுப்போயிருக்கும். இந்த மூணையும் சரியா வச்சா ஒரே ஓடு ரெண்டு தலைமுறைக்கு ஓடும். அதான் புதுசா போடுறவங்களுக்கும், பழைய வீட்ட வச்சிருக்கவங்களுக்கும் சேத்தே எழுதுறேன்.

நான் இங்க சொல்றது சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, ஒண்ணோட ஒண்ணு பள்ளத்துல மாட்டிக்குற தட்டையான ஓடு. குழாய் மாதிரி வளைஞ்ச நாட்டு ஓடு வேற சமாச்சாரம், அத வருசா வருசம் அடுக்கணும், அதுக்குக் கைப்பழக்கம் உள்ளவங்க வேணும். இந்த மாட்டிக்குற ஓட்ட மொதல்ல பிரான்ஸ்ல அல்சாஸ் பக்கம் கிலார்டோனி அண்ணன் தம்பிங்க செஞ்சு 1841-ல காப்புரிமை வாங்குனாங்க, நம்ம பக்கம் 1865-ல மங்களூர் ஜெப்புல பாசல் மிஷன்ங்குற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு போட்ட தொழிற்சாலையிலதான் ஆரம்பிச்சுது, அப்புறம் கோழிக்கோடு பக்கம் ஃபெரோக், திருச்சூர் பக்கம் ஒல்லூர், கொல்லம்னு பரவிடுச்சு. எங்க செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் மலையாளக் கரை ஆட்சியில இருந்த ஊரு, அதனால இங்க பழைய வீட்டு ஓட்டத் திருப்பிப் பாத்தீங்கன்னா பின்னாடி கொல்லத்தோட பழைய பேரு குயிலான்னோ, ஃபெரோக்னோ கம்பெனி பேரோட அச்சு விழுந்திருக்கும். இத சும்மா பழங்கதைக்காக சொல்லல, அந்த அச்சு பழைய ஓடு வாங்கும்போது ரொம்ப உதவும், கீழ சொல்றேன்.

மொதல்ல சாய்வு. இதுல சமரசமே பண்ணாதீங்க. குறைஞ்சபட்சம் ரெண்டு அடி உள்ள போனா ஒரு அடி உசரணும், அது கிட்டத்தட்ட 27 டிகிரி, ஆனா அது மழை கம்மியான ஊருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல, ஆரியங்காவு கணவாய் வழியா காத்து நேரா வந்து மோதுற எங்க ஊருக்கு 30-லருந்து 35 டிகிரி வேணும். டிகிரிலாம் யாரு அளக்குறதுன்னு கேப்பீங்க, ரொம்ப சுலபம்: வீட்டு அகலம் 20 அடின்னா பாதி 10 அடி, அந்த 10 அடிக்கு மோடு 6 அடி உசந்தா 31 டிகிரி வந்துடும், 7 அடி உசந்தா 35. எலிவேஷன் அழகா இருக்கும்னு 4 அடியில நிறுத்திட்டு மேல சீமை ஓடு போடுறத இப்போ நிறைய புது வீட்ல பாக்குறேன், அது 22 டிகிரிகூட வராது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க, அந்தக் காத்து மழைத்தண்ணிய ஓட்டு மேல கீழேருந்து மேல்நோக்கி ஏத்தும், படிவு (ஓடு மேல ஓடு படியுற இடம்) வழியா உள்ள புகுந்து ரீப்பர்ல சொட்டும், அப்புறம் ஓடு சரியில்லன்னு ஓட்டத் திட்டுவாங்க.

அடுத்தது எடை. ஓடும் ரீப்பரும் சேந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 கிலோ வரும், அடியில பூ போட்ட சீலிங் ஓடும் வச்சா 80 கிலோ கிட்ட போயிடும். தகர ஷீட் சதுர மீட்டருக்கு அஞ்சு கிலோதான். இத ஏன் சொல்றேன்னா, இப்போ ட்ரஸ் (கூரையத் தாங்குற இரும்புச் சட்டம்) அடிக்கிற வெல்டிங் பட்டறைக்காரங்க பாதிப் பேருக்கு மேல ஷீட் வேலை செஞ்சே பழகுனவங்க, ஓடு போடப்போறோம்னு வாயத் தொறந்து சொல்லலன்னா ஷீட்டுக்கு அடிக்கிற அதே மெல்லிசு பைப்பத்தான் போடுவாங்க. முதல் வருசம் ஒண்ணும் தெரியாது, அப்புறம் நடுவுல தொங்கும், தொங்குன இடத்துல ஓடு வாய் பிளக்கும். ஏற்கனவே ஷீட் போட்ட ட்ரஸ் மேல அப்படியே ஓட்டத் தூக்கி வைக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, ஒரு சிவில் என்ஜினியர்கிட்ட காட்டி கணக்குப் பாத்துட்டு செய்ங்க.

மரச்சட்டம் வைக்கிறவங்களுக்கு எங்க பக்கம் பழக்கம் பனங்கை, அதாவது பனையில அறுத்த கைமரம் (மோட்டுலருந்து சுவருக்குச் சாய்வா இறங்குற சட்டம்), வயிரம் பாஞ்ச முத்தின பனையா இருந்தா கரையான் கிட்ட வராது, இளம் பனை வச்சீங்கன்னா பூச்சி அரிச்சு மாவா கொட்டும். தேக்கு, அயினி கிடைச்சா சந்தோசம். கைமரத்துக்குக் கைமரம் ஒன்றரை அடியிலருந்து ரெண்டு அடிக்குள்ள இருக்கட்டும், அதுக்கு மேல போனா ரீப்பர் வளையும். இன்னொண்ணு, ரெண்டு பக்க சுவரையும் இழுத்துப் பிடிக்கிற குறுக்கு விட்டத்த எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீங்க. உசரம் பத்தல, ஃபேன் மாட்ட இடைஞ்சலா இருக்குன்னு அத அறுத்து எடுத்துடுறாங்க, அப்புறம் கூரை எடை ரெண்டு பக்கமும் சுவர வெளிய தள்ளும், மண்சுவரா இருந்தா மேல விரிசல் விட்டு சாயும். மோடு குழி விழுந்து கிடக்குற பழைய வீடுகள்ல இத நிறைய பாக்கலாம்.

ஓடு வாங்குறதுக்கு வருவோம். இந்தியத் தர அளவு ஐ.எஸ். 654-ல மூணு அளவு சொல்லியிருக்கு, 410க்கு 235 மி.மீ., 420க்கு 250, 425க்கு 260. தரத்துலயும் ரெண்டு வகை இருக்கு, ஏஏ ரகம் 18 சதவீதம் வரைக்கும் தண்ணி குடிக்கலாம், ஏ ரகம் 20 வரைக்கும். இத நீங்களே வீட்ல பாத்துடலாம், நல்லா காஞ்ச ஓட்ட மளிகைக்கடைத் தராசுல நிறுங்க, ஒரு நாள் முழுக்க தண்ணித் தொட்டியில முக்கி வைங்க, எடுத்துத் துணியால ஒத்தி மறுபடி நிறுங்க. இரண்டரை கிலோ ஓடு மூணு கிலோவத் தாண்டக்கூடாது, தாண்டுச்சுன்னா அது சரியா வேகாத ஓடு, மழைக்காலம் பூரா ஊறிப்போய் பாரமாவும் இருக்கும், பாசியும் சீக்கிரம் பிடிக்கும். இன்னும் சுலபமா பாக்கணும்னா ஓட்ட ஒரு கையில தொங்கவிட்டு விரல் கணுவால தட்டுங்க, கணீர்னு சத்தம் வந்தா வெந்திருக்கு, விரிசல் இல்ல, டொப்புனு செத்த சத்தம் வந்தா கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கு, ஒதுக்கி வைங்க. ஒவ்வொரு ஓட்டையும் தட்டணும், லாரியில மேல இருக்குற நாலத் தட்டிட்டு மொத்தமும் நல்லாருக்குன்னு இறக்கிடாதீங்க.

எத்தன வாங்கணும்னா நூறு சதுர அடிக்கு 150 ஓடுன்னு வச்சுக்கோங்க. ஆனா சதுர அடின்னு சொல்றது தரையோட சதுர அடி இல்ல, சாய்வோடது, இங்கதான் நிறைய பேரு கணக்குல வழுக்குறாங்க. 20க்கு 30 வீடுன்னா தரை 600 சதுர அடிதான். நாலு பக்கமும் ரெண்டு அடி இறவாரம் (சுவரத் தாண்டி வெளிய நீட்டுற கூரை ஓரம்) விட்டு, 10 அடிக்கு 6 அடி சாய்வு வச்சா ஒரு பக்கச் சரிவு 14 அடி நீளம் வரும், மோட்டு நீளம் 34 அடி, ரெண்டு பக்கமும் சேத்தா 950 சதுர அடி. அதுக்கு 1430 ஓடு, உடைசலுக்கும் பின்னாடி மாத்துறதுக்கும் சேத்து 1550 வாங்கிடுங்க. மோட்டு ஓடு அடிக்கு ஒண்ணுன்னு கணக்கு வச்சா போதும். இந்த வீட்டுக் கூரை மொத்தமா கிட்டத்தட்ட அஞ்சே முக்கால் டன் வரும், மேல சொன்ன சட்ட விஷயத்த இப்போ யோசிச்சுப் பாருங்க.

பழைய ஓடு வாங்கலாமான்னா தாராளமா வாங்கலாம், நான் அதத்தான் சொல்வேன். கேரளாவுல 2008-ல நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் வயல்ல களிமண் எடுக்குறது கஷ்டமாயிடுச்சு, ஃபெரோக், திருச்சூர் பக்கம் பல ஓட்டுக் கம்பெனி மூடிட்டாங்க, அதனால நல்ல புது ஓட்டுக்கு அலையணும். அதே நேரத்துல புனலூர், கொட்டாரக்கர பக்கமும் நம்ம பக்கமும் பழைய வீடு இடிக்கும்போது அம்பது அறுபது வருசம் மழை குடிச்சும் கணீர்னு இருக்குற ஓடு மலிவா கிடைக்குது. ஒரே ஒரு கண்டிஷன், அங்கதான் பின்னாடி இருக்குற அச்சு உதவுது, ஒரே கம்பெனி, ஒரே அச்சு உள்ள ஓடா பாத்துப் பிரிச்சு வாங்குங்க. கம்பெனிக்குக் கம்பெனி அகலமும் பள்ளமும் கொஞ்சம் மாறும், கையில வச்சுப் பாத்தா ஒண்ணா தெரியும், மேல அடுக்கினா பள்ளத்துல உக்காராம தூக்கிக்கிட்டு நிக்கும். ரெண்டு அச்சு கலந்து வந்துடுச்சுன்னா ஒண்ண கிழக்குச் சாய்ப்புக்கும் (சரிவுக்கும்) இன்னொண்ண மேக்குச் சாய்ப்புக்கும் போட்டுடுங்க, ஒரே சாய்ப்புல கலக்காதீங்க.

இப்போ முக்கியமான வேலை, ரீப்பர் இடைவெளி. பொதுவா பன்னெண்டரை இஞ்ச்னு சொல்வாங்க, நிறைய ஆசாரிங்க அந்தக் கணக்க மனசுல வச்சுக்கிட்டு ஓடு வந்து இறங்குறதுக்கு முன்னாடியே அடிச்சுட்டுப் போயிடுறாங்க. அது தப்பு. ஓடு வந்ததும் அதுலருந்தே பன்னெண்டு எடுத்து சமதரையில ஒரே வரிசையா மேலும் கீழும் மாட்டிப் போடுங்க. மொதல்ல எல்லாத்தையும் நெருக்கித் தள்ளி, முதல் ஓட்டு மேல் விளிம்புலருந்து பதினோராவது ஓட்டு மேல் விளிம்பு வரைக்கும் டேப் வைங்க, 124 இஞ்ச் வருதுன்னு வச்சுக்குவோம். அப்புறம் மாட்டல் கழறாத அளவுக்கு எல்லாத்தையும் இழுத்துவிட்டு அதே ரெண்டு விளிம்ப அளங்க, 126 வருது. ரெண்டையும் கூட்டி இருபதால வகுங்க, பன்னெண்டரை. இதான் உங்க ஓட்டுக்கு இடைவெளி, இன்னொரு வீட்டு ஓட்டுக்கு பன்னெண்டே கால் வரலாம். இந்த அளவுல மேல ஓடு கீழ ஓட்டு மேல மூணு இஞ்சுக்கு மேல படிஞ்சு உக்காரும். ரீப்பர் எண்ணிக்கைய ஒண்ணு ரெண்டு மிச்சம் பிடிக்கிறேன்னு இழுத்து அடிச்சா படிவு குறைஞ்சு முதல் சாரல்லயே தெரிஞ்சுடும். எங்க தெரு பெரிய ஆசாரி சொல்வாரு, "தம்பி, கிழக்கால கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் தப்பிச்சுக்கலாம், மேக்கால சாய்ப்புல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, மழை அங்கனதான் உக்காந்து அடிக்கும்"னு. அவரு ஒரு துண்டு ரீப்பர பன்னெண்டரைக்கு அறுத்துக் கையில வச்சுக்குவாரு, டேப்பே எடுக்கமாட்டாரு, அந்தத் துண்ட வச்சு வச்சு ரெண்டு ஓரமும் குறிச்சுட்டு நடுவுல நூல் அடிச்சுட்டுதான் ஆணி. நூல் அடிக்காம கண்ணால பாத்து அடிச்சா மேல போகப் போக கோணல் ஏறி மோட்டுக்கிட்ட ஒரு பக்கம் ஓடு பத்தாது, மறுபக்கம் மிஞ்சும்.

கீழ இறவாரத்துல முதல் ரீப்பர் மட்டும் ரெட்டையா, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அடிக்கணும். மத்த வரிசையெல்லாம் அடி ஓட்டு மேல சாஞ்சு உக்காரும், முதல் வரிசைக்கு அடியில ஓடு இல்லையே, ரெட்டை ரீப்பர் வைக்கலன்னா முதல் வரிசை மூக்கு தொங்கி ரெண்டாவது வரிசைக்கும் அதுக்கும் நடுவுல வாய் பிளந்து நிக்கும், அணில், எலி, காத்து எல்லாம் அந்த வழியாதான் வரும். ஓடு இறவாரப் பலகையத் தாண்டி ரெண்டு இஞ்ச் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், அப்போதான் சொட்டு பலகையில படாது. இரும்பு பைப்ப ரீப்பரா வைக்கிறவங்க வெல்டு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஓட்ட எடுத்து பைப் மேல மாட்டிப் பாருங்க, ஓட்டுக்கு அடியில துருத்திக்கிட்டு இருக்குற காது பைப்பப் பிடிச்சு உக்காரணும், பைப் தடியா இருந்தா காது எட்டாம ஓடு வழுக்கிக்கிட்டே இருக்கும். வெல்டு வச்ச இடத்தையெல்லாம் சுத்தம் பண்ணி ப்ரைமர் அடிச்சுட்டுதான் ஓடு ஏத்தணும், ஏத்துனப்புறம் அங்க பிரஷ் போகாது.

அடுக்குறது கீழருந்து மேல, வரிசை வரிசையா. ஓட்டோட பக்கவாட்டுப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்து, அடுத்த ஓடு அந்தப் பள்ளத்து மேல வந்து உக்கார்ற மாதிரி ஆரம்பிங்க. ரெண்டு சாய்ப்பையும் கூடவே ஏத்திக்கிட்டுப் போங்க, ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டு மறுபக்கம் ஆரம்பிச்சா டன் கணக்குல எடை ஒரே பக்கம் சட்டத்த அமுக்கும். ஒவ்வொரு ஓட்டையும் வச்சதும் லேசா கீழ இழுத்துப் பாருங்க, காது ரீப்பர்ல மாட்டுற சின்ன சத்தம் கையிலயே தெரியும்.

ஓட்டுக்கு அடியில ஒரு காதுல சின்னத் துளை இருக்கும், யாரும் அதக் கண்டுக்குறதில்ல, அது கட்டுக்கம்பி போடுறதுக்கு. எல்லா ஓட்டையும் கட்டணும்னு அவசியமில்ல, ஆனா இறவார வரிசை, ரெண்டு ஓர வரிசை, மோட்டுக்கு அடுத்த வரிசை இது நாலும் ஜி.ஐ. (நாகம் பூசுன) கம்பியால ரீப்பரோட கட்டியே ஆகணும், மேக்கால சாய்ப்புல நடுவுலயும் மூணாவது நாலாவது வரிசைக்கு ஒண்ணு கட்டிடுங்க. காத்து கூரையோட விளிம்புலதான் கைய விட்டுத் தூக்கும். 2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்த அடிச்சதப் பாத்தவங்களுக்கு ஒரு நாள் கூலியும் கொஞ்சம் கம்பியும் செலவா தோணாது. எங்க ஊர்ல குரங்குத் தொல்லைக்கும் இதேதான் மருந்து, குத்தாலம் பக்கம் இருக்கவங்களுக்குத் தெரியும், குரங்கு ஓட்ட ஓரத்துலருந்துதான் தூக்கிப் பாக்கும், தூக்க வரலன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடும்.

மோட்டு ஓடு வைக்கிற அன்னைக்கு வெயில் கடுமையா இருந்தா காலையில சீக்கிரம் வைங்க. மோட்டு ஓட்ட தண்ணியில நல்லா ஊறவச்சு எடுத்துதான் காரையில உக்காத்தணும், காஞ்ச ஓடு காரையில இருக்குற தண்ணிய உறிஞ்சிடும், காரை பிடிக்காது. வெறும் சிமெண்ட் மணல் கலவை கெட்டியாத்தான் இருக்கும், ஆனா வெயிலுக்கும் மழைக்கும் கூரை அசையுற அசைவு தாங்காம முடி மாதிரி விரிசல் விடும், அதனால சிமெண்ட் ஒண்ணு, சுண்ணாம்பு ஒண்ணு, மணல் ஆறுன்னு கலந்து வைங்க. காரைய ரெண்டு ஓரமும் ஓட்டு மேல படியுற இடத்துல மட்டும் வச்சாப் போதும், மோட்டுக்குள்ள முழுசா ரொப்பி எடை ஏத்தாதீங்க. கலவை மோட்டு ஓட்டுக்கு வெளிய பிதுங்கி கீழ ஓட்டு மேல கிடந்தா உடனே தொடைச்சுடுங்க, அந்தப் பிதுங்கல்லதான் தண்ணி நின்னு உள்ள ஊறும். ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் தண்ணி காட்டுங்க.

ஓடும் சுவரும் சேர்ற இடம், ரெண்டு சாய்ப்பு சேர்ற பள்ளம், இது ரெண்டுலயும் சிமெண்ட்ட நம்பாதீங்க. சுவர்ல ஒரு இஞ்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி அதுக்குள்ள அலுமினியத் தகட்ட நுழைச்சு ஓட்டு மேல மடக்கி விடணும். பள்ளத்துல ஓட்டுக்கு அடியில அகலமான தகடு, ரெண்டு பக்கமும் ஓட்டுக்குக் கீழ ஆறு இஞ்சாவது உள்ள போகணும், தகட்டோட ஓரத்த லேசா மேல்நோக்கி மடக்கணும். ரெண்டு சாய்ப்புத் தண்ணியும் ஓடுற பள்ளத்துலதான் இலைச்சருகும் வந்து அடையும், அதனால ஓட்டு விளிம்புகளுக்கு நடுவுல நாலு விரல் அகலம் திறந்தே விடுங்க, கைய விட்டு அள்ள முடியணும்.

பழைய வீட்டுக்காரங்களுக்கு. ஒழுக்கு எங்கன்னு மழையில தேடாதீங்க, மழை வர்றதுக்கு முன்னாடி நல்ல உச்சி வெயில்ல கதவு ஜன்னல் சாத்திட்டு உள்ள நின்னு அண்ணாந்து பாருங்க. ஊசி ஊசியா வெளிச்சம் வர்ற இடம் தெரியும், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல மெல்லிசா கோடு மாதிரி வந்தா பயமில்ல, அது காத்து போற வழி, ஓட்டு உடம்புல நடுவுல வெளிச்சம் வந்தா அது உடைசல். அந்த இடத்துக்குப் பக்கத்துல ரீப்பர்ல சாக்பீஸால குறிங்க. அப்புறம் ரீப்பரையும் கைமரத்தையும் பாத்துக்கிட்டே போங்க, தண்ணி சொட்டுற இடத்துல ஓட்டை இருக்காது, மேல எங்கயோ புகுந்து கைமரம் வழியா வழிஞ்சு வந்துதான் சொட்டும், கறுத்த கோடு விழுந்திருக்கும், அந்தக் கோட்ட மேல பிடிச்சுக்கிட்டே போனா மூலத்துக்குப் போயிடலாம்.

உடைஞ்ச ஓட்ட மாத்துறதுக்கு கூரை மேல ஏறணும்னே இல்ல, உசரம் எட்டுற இடத்துல உள்ளருந்தே செய்யலாம். உடைஞ்ச ஓட்டுக்கு மேல் வரிசையில அது மேல படிஞ்சிருக்குற ஓட்ட ஒரு கையால மேல தூக்கி அடியில மரச்சில்லு ஒண்ண சொருகுங்க, இப்போ உடைஞ்சது கழறும், எடுத்துட்டு புதுச அதே வழியில ஏத்தி காது ரீப்பர்ல விழுற வரைக்கும் கீழ இழுத்து விட்டு, சில்ல உருவிடுங்க. மேல ஏறியே ஆகணும்னா ஓடு காஞ்சிருக்கணும், பாசி ஈரத்துல யாரும் ஏறாதீங்க, தனியாவும் ஏறாதீங்க, இடுப்புக்குக் கயிறு கட்டி எதிர்ப்பக்கம் கெட்டியான இடத்துல முடிஞ்சுக்கோங்க, கரண்ட் சர்வீஸ் ஒயர் எங்க போகுதுன்னு கீழ நின்னே பாத்து வச்சுக்கோங்க. கால் ஓட்டு நடுவுல விழக்கூடாது, ரெண்டு ஓடு படியுற இடத்துல, அதுக்கு அடியிலதான் ரீப்பர் இருக்கும், அங்க மட்டும் மிதிக்கணும். அதவிட நல்லது, மோட்டுல மாட்டுற மாதிரி கொக்கி வச்ச ஏணிய சாய்ப்பு மேல படுக்கப் போட்டு, அடியில சாக்கு விரிச்சு, அது மேலயே ஏறி இறங்குறது.

பாசிய தேங்கா நார் பிரஷ்ஷால தேச்சா போதும். கம்பி பிரஷ் வேண்டாம், பிரஷர் வாஷர் சுத்தமா வேண்டாம், அது சூளையில வெந்த மேல்தோல உரிச்சுடும், உரிஞ்ச ஓடு அடுத்த மழையிலருந்து ரெண்டு மடங்கு பாசி பிடிக்கும், அதோட தண்ணிய மடிப்புக்குள்ள அடிச்சு ஏத்தும். இப்போ எல்லாரும் ஓட்டுக்கு சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஓடு கொஞ்சம் தண்ணி குடிச்சு வெயில்ல விட்டு ஆறுற பொருளு, அந்த ஆறுறதாலயும் இடுக்குல காத்து போறதாலயும்தான் வீடு குளுமையா இருக்கு. அடிச்சே தீருவேன்னா பங்குனி, சித்திரை வெயில்ல ஓடு உள்ளயும் வெளியயும் காஞ்சப்புறம் அடிங்க, ஈரத்தோட அடிச்சா அடுத்த வருசமே பொறை பொறையா உரியும். மரநாயும் எலியும் வருதுன்னு இறவார இடுக்க சிமெண்ட் வச்சு அடைக்காதீங்க, கோழிவலை அடிங்க, மிருகம் வராது, காத்து வரும். கூரைக்கு நேர் மேல சாஞ்ச தென்னை இருந்தா மட்டையையும் தேங்காயையும் மழைக்கு முன்னாடி வெட்டி இறக்கிடுங்க.

வெளிச்சம் பத்தலன்னா அடுக்களையில ஒண்ணு, நடுவீட்ல ரெண்டு கண்ணாடி ஓடு போதும், ஆனா அதே அச்சுல பொருந்துதான்னு மாட்டிப் பாத்து வாங்குங்க. மேக்கால சாய்ப்புல வைக்காதீங்க, சாயங்கால வெயில் நேரா இறங்கும்.

உடைஞ்ச ஓட்டையும் வெளிய கொட்டாதீங்க. திருவனந்தபுரத்துல கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டுன வீடுகள்ல சீமை ஓட்ட கான்கிரீட் தளத்தோட கீழ்ப்பாதியில, கம்பிக்குக் கம்பி நடுவுல வச்சு நிரப்பியிருப்பாரு, அந்தப் பகுதி கான்கிரீட் பாரம் தாங்குறதில்ல, கம்பிதான் தாங்குது, அதனால அங்க ஓட்ட வச்சா சிமெண்டும் மிச்சம், எடையும் குறையும், வெக்கையும் குறையும். மூலை உடைஞ்ச ஓடுகூட அதுக்கு ஆகும், ஒரு அறை தளம் போடுற பிளான் இருந்தா சேத்து வச்சுக்கோங்க, ஆனா அந்தத் தளத்துக்குக் கம்பி கணக்கு தெரிஞ்ச என்ஜினியர் கட்டாயம் வேணும்.

கடைசியா, மிச்ச ஓட்டுல ஒரு அம்பதாவது வீட்டுக்குப் பின்னாடி நிறுத்தி வைங்க, படுக்கப் போட்டு அடுக்குனா அடி ஓடு பாரத்துல கீறும், அதனால செங்குத்தா ஒண்ணு மேல ஒண்ணு சாச்சு, அடியில ரெண்டு ரீப்பர் போட்டு மண்ணுல படாம வைக்கணும். எல்லாம் முடிஞ்சு முதல் நல்ல மழை பெஞ்ச ராத்திரி ஒரு டார்ச் எடுத்துட்டு ரீப்பர் வரிசைய ஒருக்கா பாத்துடுங்க, சொட்டு தெரிஞ்சா அங்கயே சாக்பீஸ் குறி போட்டு வைங்க, மழை விட்டு ஓடு காஞ்சதும் அங்கருந்து தண்ணி வந்த வழிய மேல பிடிச்சுப் போயி கோளாறான ஓட்ட மட்டும் மாத்தினா போதும், கூரை முழுசும் பிரிக்கத் தேவையில்ல.